ஜீவனி: ஒரு லீட்டர் என்றால் ஒரு லீட்டர்தான்

மழை பிடித்தால் எங்கள் மலையகத் தோட்டங்களில் பீலித் தண்ணி (குழாயில் வரும் ஊற்றுநீர்) கலங்கும். கையோடு லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும் வரும். குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போகும்போது அந்த நாட்களில் நான் அதிகம் கேட்கிற பேச்சு, "மிஸ்ஸி, ஜீவனி குடுத்தோம், நிக்கவே இல்ல."

நிற்காதுதான். ஜீவனி தண்ணீரில் கரைத்துக் குடிக்கும், உப்பும் குளுக்கோசும் கலந்த தூள். பேதியை நிறுத்துவது அதன் வேலையே இல்லை. உடம்பு இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்கத்தான் அது.

வெறும் தண்ணீர் போதாதா? குடல் சுவரில் ஒரு வழி இருக்கிறது. சோடியமும் குளுக்கோசும் சோடியாக வந்தால்தான் உள்ளே விடும். அவை போனால் தண்ணீரும் பின்னால் போகும். கொலரா நஞ்சால்கூட அந்த வழியை அடைக்க முடியாது. 1971இல் மேற்கு வங்காளத்தின் பொங்காவ் அகதி முகாமில் கொலரா பரவி நாளத்தில் ஏற்றும் சேலைனுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஊட்டியவர்களில் நோயாளிகளின் சொந்தக்காரர்களும் உண்டு. சோடியமும் குளுக்கோசும் சோடியாகப் போகும் வழியைக் கண்டறிந்தது இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று 1978இல் லான்செட் இதழ் எழுதியது. அதில் மிகை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

நம் ஆட்கள் கோட்டை விடுவது அளவில். கிளினிக்கில் தருகிற தூள் பக்கெட் 1 லீட்டருக்கானது. வீட்டில் கைக்கு அகப்படுவதோ 1.5 லீட்டர் சோடாப் போத்தல். அதை நிரப்பினால் உப்பு போதாது. ஒரு வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையில் ஒரு கரண்டி தூளைப் போட்டுவிட்டு, மிச்சப் பக்கெட்டை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். அப்படிக் கரைத்தால் உப்பு கூடிப்போய்ப் பிள்ளைக்கு ஆபத்தாகலாம். 500 மில்லிலீட்டர் தண்ணிப் போத்தல் இரண்டை அளந்து, முழுப் பக்கெட்டையும் கொட்டுங்கள். கொதித்தாறிய நீராக இருக்கட்டும். சீனி, பிளேன்டீ எதுவும் சேர்க்க வேண்டாம். 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிடுங்கள்.

வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியால் மெதுவாக ஊட்டுங்கள். "பால் குடுத்தா இன்னும் போகும்" என்று தாய்ப்பாலைத் தடுக்கிற அப்பாயிமாரோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். பாலை நிறுத்தவே கூடாது.

கண் குழிவிழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், மூத்திரம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், குடிக்க மறுத்தால் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். ஆட்டோ தேடி ரோட்டுக்கு ஓடுவதற்கு முன் 1990ஐ அழையுங்கள்; சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசில்லை. பிள்ளை விழித்திருந்து குடிக்க முடிந்தால், ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே போங்கள்.