பாண்டிச்சேரி என்று கேட்டால் புதுச்சேரிக்கு அனுப்பு: ரீரைட் ரூல்கள் சர்வர் மாறும்போது

யூனியன் பிரதேசத்தின் பெயர் 2006 அக்டோபர் 1 முதல் புதுச்சேரி. ஆனாலும் பழைய இணையதள முகவரிகளில் பாண்டிச்சேரி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. /பாண்டிச்சேரி/விடுதிகள் என்று வருபவரை /புதுச்சேரி/விடுதிகள் பக்கத்துக்குத் திருப்பும் ரீரைட் ரூல், அப்பாச்சி சர்வரில் (தளத்தின் பக்கங்களை அனுப்பும் மென்பொருள்) பெரும்பாலும் தளத்தின் ஃபோல்டரில் வைக்கும் .எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் இருக்கும். தளத்தை என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வருக்கு மாற்றினால், அது அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தொடங்கும்போதும் ரீலோட் செய்யும்போதும் தன் சொந்த அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கைப் படிப்பதோடு சரி.

ரூலை வரிக்கு வரி மாற்றித் தரும் கருவிகள் உண்டு. முழுதாக நம்ப வேண்டாம். முதலில் தடுக்குவது ஸ்லாஷ். .எச்டிஅக்சஸில் அப்பாச்சி முதல் ஸ்லாஷை வெட்டிவிட்டுத்தான் ஒப்பிடும், எனவே அங்கே ^பாண்டிச்சேரி/(.*)$ என்றிருக்கும். என்ஜின்எக்ஸில் அதை ^/பாண்டிச்சேரி/(.*)$ என எழுத வேண்டும். ஸ்லாஷ் விட்டுப்போனால் பிழைச்செய்தி வராது, ரூலும் வேலை செய்யாது.

அடுத்தது கேள்விக்குறி. இலக்கு முகவரியில் அது இருந்தால் அப்பாச்சி பழைய குவரியை (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி) கழற்றிவிடும். அதைச் சேர்க்க ரூலின் கடைசியில் க்யூஎஸ்ஏ என்ற கொடி வேண்டும். என்ஜின்எக்ஸின் ரீரைட் கேட்காமலே சேர்க்கும். தடுக்க இலக்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். இதைக் கவனிக்காமல் இலக்கிலும் பக்கம்=2 என எழுதினால் அது முகவரியில் இரண்டு முறை வந்து நிற்கும்.

வேர்ட்பிரஸ் தளங்களில் காணும் "கோப்பும் இல்லை, ஃபோல்டரும் இல்லை என்றால் இண்டெக்ஸ்.பிஎச்பிக்குப் போ" என்ற நிபந்தனைகளை என்ஜின்எக்ஸின் இஃப் கட்டளை வைத்து மாற்றக் கூடாது. ட்ரை_ஃபைல்ஸ் கட்டளை ஒரே வரியில் முடித்துவிடும்.

திருப்பவேண்டிய முகவரிகள் நிறைய இருந்தால் ரீரைட் வரிகளை அடுக்குவதைவிட, பழைய முகவரிக்கு எதிரே புதியதை எழுதும் மேப் அட்டவணை மேல். தமிழ் முகவரிகளுக்கு இங்கேதான் சிக்கல். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். /பாண்டிச்சேரி/விடுதிகள் 65 பைட் ஆகிறது. அட்டவணைப் பதிவுகளுக்கான இடத்தைக் குறிக்கும் மேப்_ஹாஷ்_பக்கெட்_சைஸ் பல கணினிகளில் 64ஆக இருப்பதால் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கையே ஏற்காது. 128 அல்லது 256 ஆக்கினால் சரியாகும்.

மேப்பில் தேடவேண்டியது யூஆர்ஐ மாறியை. பிரவுசர் தமிழ் முகவரியை %E0 போன்ற சதவீதக் குறிகளாக மாற்றி அனுப்பும்; யூஆர்ஐ மாறியில் அது சதவீதக் குறிகள் நீங்கிய தமிழாக இருக்கும். ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ மாறியில் பிரவுசர் அனுப்பிய வடிவம் அப்படியே இருப்பதால் தமிழ்ச் சொல் பொருந்தாது. இலக்கை மட்டும் சதவீத வடிவில் எழுதுங்கள். வருபவரைத் திருப்பும் ரிட்டர்ன் கட்டளை அதை மாற்றாமல் அனுப்பும். புதுச்சேரி என்ற சொல் மட்டுமே 90 எழுத்துகளாக நீளும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. நோணாங்குப்பம் என்ற ஊர்ப்பெயரின் 'நோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. பைட்டில் முதலாவது 6, இரண்டாவது 9. சர்வர் பைட்டைத்தான் ஒப்பிடும். பழைய தளத்தில் இரண்டும் கலந்திருந்தால் மேப்பில் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

ரீலோடுக்கு முன் கான்ஃபிக் டெஸ்ட் ஓட்டுங்கள். சோதனை முடியும்வரை 301 (நிரந்தரத் திருப்பம்) வேண்டாம், 302 (தற்காலிகத் திருப்பம்) போதும்: தவறான 301ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டால், ரூலைத் திருத்திய பின்னும் வருபவரைப் பழைய தவறான இடத்துக்கே அனுப்பும்.