டானின் கசப்பு அல்ல, துவர்ப்பு

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்த இளம் சிவப்பு ஒயினைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், "இப்போது கசப்பு தூக்கல், சில வருஷத்தில் அடங்கிவிடும்" என்று எழுதுகிறார்கள். அவர்கள் பெயர்க்கும் மூலத்தில் இருக்கும் சொல் டானின். அதைக் கசப்பு என்று பெயர்ப்பது தவறு.

பிரெஞ்சில் 'தான்' என்றால் தோல் பதனிட இடித்து வைக்கும் ஓக் மரப்பட்டை. அதிலிருந்து பிறந்த சொல்தான் டானின். விலங்குத் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கும் இந்தப் பொருள், வாயில் எச்சிலின் புரதத்தைப் பிடிக்கிறது. வழவழப்பு போய் ஈறும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து இழுக்கும். அந்த இழுப்புக்கு அறுசுவையிலேயே இடம் ஒதுக்கி, துவர்ப்பு என்று நாம் பெயரும் வைத்திருக்கிறோம். கசப்பு அதே வரிசையில் வேறொரு சுவை. துவர் என்றால் சிவப்பு என்றும் பொருள் உண்டு. சிவப்பு ஒயினுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எங்கே கிடைக்கும்?

இது வெறும் சொல் சண்டை இல்லை. பர்கண்டியின் 228 லிட்டர் பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்த ஒயினைச் சுவைப்பவர் இந்த இரண்டையும் பிரித்துத்தான் மதிப்பிடுகிறார். பர்கண்டி சிவப்பு ஒயினுக்கான பினோ நுவார் மெல்லிய தோல் கொண்ட திராட்சை. தோலிலிருந்து வரும் துவர்ப்பு இளம் ஒயினில் இருக்க வேண்டியதுதான், போகப் போக மென்மையாகும். விதையை அளவுக்கு மீறிப் பிழிந்ததால் வரும் முரட்டுக் கசப்பு கவலைக்குரியது. திராட்சையின் கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறி முடியாத பீப்பாயில் புளிப்பும் சேர்ந்து துவர்ப்பைக் கூட்டிக் காட்டும். மதிப்பிடும்போது அந்தக் கூடுதலையும் கழித்துக்கொள்ள வேண்டும். புது ஓக் பீப்பாய் தன் பங்குக்கு டானினைச் சேர்க்கும். இத்தனையையும் 'கசப்பு' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், பாராட்டு எது, குறை எது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? 'மென்மையான கசப்பு' என்றுகூட ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். அப்படி ஒரு சுவையை யார் நாக்கு கண்டது?

அப்புறம், 'பதனிடு பொருள்' என்று எழுதுவோரும் உண்டு. வேரைப் பார்த்தால் சரிதான். ஆனால் ஒயின் குடிக்க வந்தவரைத் தோல் பட்டறைக்கு ஏன் கூட்டிப் போக வேண்டும்? தூய தமிழ் என்பதற்காக மட்டும் ஒரு சொல்லை ஏற்க முடியாது, வாயில் நடப்பதை அது சொல்ல வேண்டும். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், கோப்பையை ஒருமுறை உதட்டில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

பொருளைச் சொல்லும்போது டானின் அல்லது துவர்ப்பொருள். சுவையைச் சொல்லும்போது துவர்ப்பு. நயமாக இருந்தால் மென்துவர்ப்பு, உரசினால் முரட்டுத் துவர்ப்பு. கசப்பை உண்மையிலேயே கசக்கும் ஒயினுக்கு வைத்துக்கொள்ளலாம்.