இழை அறுந்தால் தறி எப்படி நிற்கிறது?

கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ரேப்பியர் தறி வாங்க வசதி இருக்கறவங்க வாங்கிக்கறாங்க. நாலு தறி வச்சு கூலிக்கு ஓட்டற நாங்க சங்கமா சேர்ந்தாலும் அந்த விலைக்குப் போக முடியுங்களா?"

ரேப்பியர் என்பது நாடா இல்லாத, விலை கூடிய நவீனத் தறி. அந்த விலைக்குப் போக வேண்டியதில்லை என்பதே என் பதில். தானியக்கத்தை ஓடுகிற பழைய தறியிலேயே பகுதி பகுதியாகப் பூட்டலாம். அந்தப் பகுதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இழை அறுந்ததும் தறியை நிறுத்தும் டிராப்பர்.

தறியின் அடிப்படை தெரிந்ததுதான். நீளவாட்டு இழைகள் பாவு, குறுக்கு இழை ஊடை. விழுது என்ற கண்ணிகள் பாவை மேலும் கீழுமாகப் பிரிக்கும், நாடா நடுவில் ஊடையோடு ஓடும், சீப்பு போன்ற அச்சு ஊடையை நெருக்கி அடிக்கும். அங்குலத்துக்கு 60 இழை, அகலம் 50 அங்குலம் என்றால் பாவில் 3,000 இழைகள். ஒன்று அறுந்தாலும் தறி பாட்டுக்கு ஓடும். நிமிடத்துக்கு 120 ஊடை, அங்குலத்துக்கு 50 ஊடை என்று கணக்குப் போட்டால், பத்து நிமிடம் பார்க்காமல் விட்டால் 24 அங்குலத் துணி பழுது. அறுந்த நுனி பக்கத்து இழைகளில் சிக்கி அவற்றையும் அறுக்கும்.

டிராப்பர் மெல்லிய எஃகுத் தகடு, சில கிராம்தான் இருக்கும். ஒவ்வொரு பாவு இழைமேலும் ஒன்று தொங்கும். இழை விறைப்பாக இருக்கும்வரை தகட்டை அதுவே தாங்கும். தகட்டின் மேற்பகுதியில் நீளமாக ஒரு துளை, அதன் வழியே தறியின் அகலம் முழுக்க ஒரு பட்டை போகும். பார்க்க ஒரே பட்டை, உண்மையில் இரண்டு. வெளியே ‘யு’ வடிவத் தகடு, உள்ளே இன்னொரு தகடு, நடுவில் மின்சாரம் கடத்தாத பொருள்.

இழை அறுகிறது, டிராப்பர் விழுகிறது. துளையின் மேல்விளிம்பைச் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள், அழகே அதில்தான் இருக்கிறது. அந்தச் சாய்வால் டிராப்பர் நேராக உட்காராமல் ஒருபக்கம் சரிந்து, உள் தகட்டையும் வெளித் தகட்டையும் ஒருசேரத் தொட்டுவிடும். குறைந்த மின்னழுத்தச் சுற்று முழுமையாகி, மின்காந்தம் கொக்கியை இழுக்க, தறி நின்றுவிடும். கேமரா கிடையாது, கணினி கிடையாது. 3,000 இழைக்கும் புவியீர்ப்புதான் காவல்.

இழை அறுந்தால் தானே நிற்கும் ஜி வகைத் தறியை ஜப்பானின் சகிச்சி டொயோடா 1924-இல் கொண்டுவந்தார். 1929-இல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கியது.

டிராப்பரில் இன்னொரு வசதியும் உண்டு. இழை போகும் கண் மூடியிருக்கும் டிராப்பரில் இழையைக் கோக்க வேண்டும். அடி திறந்த டிராப்பரை, தறியில் ஏற்றிய பாவின்மேல் அப்படியே மாட்டலாம். ஏற்றிய பாவைக் கழற்ற வேண்டியதில்லை.

இங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. ஒரே அளவு டிராப்பர், ஒரே மாதிரி மின்பெட்டி என்று உறுப்பினர்கள் முடிவு செய்தால் மொத்தமாக வாங்கலாம். உதிரி பாகம் ஒரே இடத்தில் இருக்கும், பழுது பார்க்க ஒரே ஆள் போதும். அரசின் இலவச வேட்டி சேலையை நெய்து கொடுக்கும் விசைத்தறிச் சங்கங்கள் ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் ஏற்கெனவே இயங்குகின்றன. நூல் வாங்கவும் துணி கொடுக்கவும் சேர்ந்தவர்கள் உதிரி பாகத்துக்கும் சேரலாம்.

"அப்போ ஆள் குறைப்பாங்களே?" என்ற பயம் நியாயமானது. கண் பாவிலேயே இருக்க வேண்டாம் என்றால் ஒருவரே கூடுதல் தறி பார்க்கலாம். மிச்சமாகும் நேரம் யாருக்கு என்பதைத் தறியின் உரிமையாளர்தான் முடிவு செய்வார். சங்கத்தில் அது உறுப்பினர் கையில் இருக்கிறது. கூடுதல் துணியா, இரவு ஷிப்டை நிறுத்துவதா என்று அவர்களே ஓட்டுப் போடலாம்.

சாதாரண விசைத்தறிகளில் இத்தகைய பாகங்களைப் பூட்ட ஒன்றிய அரசின் பவர்டெக்ஸ் திட்டத்தில் மானியம் கொடுத்தார்கள். கோவையில் 1956-இல் தொடங்கிய சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வு நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. புது இயந்திரத்துக்குத் தரும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைப் பழைய தறியில் பூட்டும் பாகங்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். பட்டையில் பஞ்சுத் தூசு அடைந்தால் டிராப்பர் விழுந்தும் தொடாமல் போகும். அதற்கு மலிவான ஒரு தீர்வு கண்டுபிடித்தாலே பல குடும்பங்களுக்குப் பிரயோஜனம்.