குலாக் என்றால் பண்ணையார் இல்லை

ரஷ்ய நாவல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘குலாக்’ என்ற சொல்லைக் கண்டதும் ‘பண்ணையார்’ என்றோ ‘நிலப்பிரபு’ என்றோ போட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கதையையே தலைகீழாக்கும் தவறு இது.

சொல்லின் நேர்ப்பொருள் முஷ்டி. ஊராரைப் பிழியும் வட்டிக்காரனையும் தரகனையும் 19ஆம் நூற்றாண்டு ரஷ்யக் கிராமங்களில் அப்படி ஏசினார்கள். அந்த வசவைச் சோவியத் அரசு, வசதியான குடியானவர் என்ற ஒரு வர்க்கத்தின் பெயராக்கியது.

பண்ணையார் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? வேலிக்கணக்கில் நஞ்சை, திண்ணையில் கணக்குப்பிள்ளை, களத்தில் கைகட்டி நிற்கும் பண்ணையாட்கள். ரஷ்யாவில் அந்த இடத்தில் இருந்தவன் பொமேஷ்சிக். அவன் நிலத்தை 1917இலேயே ஆணை போட்டுப் பறித்தாயிற்று. 1930இல் குலாக் என்று பிடிபட்டவர்களில் பலர் தாங்களே ஏர் பிடித்தவர்கள். இரண்டு மாடு, ஒரு குதிரை, அறுப்புக்கு ஒரு கூலியாள் இருந்தாலே பட்டியலில் பெயர் ஏறும். ஊரார் நிலத்தையும் மாட்டையும் ஒன்றாக்கி அரசு அமைத்த கூட்டுப்பண்ணையில் சேர மறுத்த ஏழைக்கும் ‘பொத்குலாச்னிக்’, அதாவது குலாக்கின் கையாள் என்று பட்டம். 1930, 31 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் பேரை வடக்குக்கும் யூரலுக்கும் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் ரயிலேற்றினார்கள். அத்தனை பேரும் பண்ணையார்களா?

குஸேல் யாஹினா 2015இல் வெளியிட்ட ‘சுலைகா கண்களைத் திறக்கிறாள்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். சுலைகா தாத்தார் குடியானவப் பெண். விடியுமுன் எழுந்து மாமியாரின் மூத்திரச் சட்டியைக் கொட்டுகிறவள். தானியம் பறிபோகாதிருக்க, செத்த மகளின் கல்லறைக்குள் அதை ஒளித்து வைக்கிற குடும்பம். இவளைப் ‘பண்ணையாரின் மனைவி’ என்று அறிமுகப்படுத்தினால் வாசகர் எந்தப் பக்கம் நிற்பார்? பாட்டி சிறுமியாக நாடுகடத்தப்பட்ட குடும்பத்திலிருந்து வந்து யாஹினா எழுதியதை, ஒரே சொல்லில் அன்றைய அதிகாரியின் வாக்குமூலமாக்கிவிடுகிறோம்.

தமிழ்ச்சொல் வேண்டும் என்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. கதைசொல்லி பேசும் இடத்தில் ‘குடியானவர்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. வசதி இருந்தால் ‘வசதியான குடியானவர்’. அதிகாரி வாயில் வரும்போது ‘குலாக்’ அப்படியே நிற்கட்டும், அது அரசு குத்திய முத்திரை. ‘ரஸ்குலாச்சிவானியே’ என்ற நடவடிக்கைக்கு ‘குலாக் ஒழிப்பு’ என்பதைவிட ‘உடைமை பறிப்பு’ தெளிவு. வீடும் மாடும் போனதை அது மறைக்காது.

இன்னொரு குழப்பமும் உண்டு. சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களை நடத்திய தலைமை நிர்வாகத்தின் சுருக்கப்பெயரையும் (gulag) நாம் ‘குலாக்’ என்றே எழுதுகிறோம். kulak, gulag இரண்டின் முதல் ஒலிக்கும் தமிழில் ககரம் ஒன்றே என்பதால் முஷ்டியும் முகாமும் ஒரே எழுத்தில் கிடக்கின்றன. அங்கே ‘முகாம்’ என்றே எழுதிவிடலாம். ரஷ்யர்களும் பேச்சில் ‘லாகெர்’, முகாம், என்றுதான் சொல்கிறார்கள்.