ஜப்பானிய ஆர்கேடு இயந்திரங்கள் தாளத்தை அளக்கும் விதம்

பியானோவில் ஒரு விசையைத் தாமதமாக அழுத்தினால் அந்தச் சுரமும் தாமதமாகவே ஒலிக்கும்; அழுத்த மறந்தால் பாட்டில் அந்த இடம் வெறுமையாகிவிடும். 1997 டிசம்பரில் கொனாமி நிறுவனம் ஜப்பானின் ‘ஆர்கேடு’ எனப்படும் விளையாட்டுக் கூடங்களில் இறக்கிய ‘பீட்மேனியா’ இந்தப் பண்பை அப்படியே விளையாட்டாக்கியது. ஐந்து விசைகள், அவற்றின் பக்கத்தில் டிஜேக்கள் சுழற்றும் இசைத்தட்டைப் போன்ற வட்டத்தட்டு ஒன்று, திரையில் மேலிருந்து இறங்கிவரும் சிறு பட்டைகள், அடியில் ஒரு கோடு: இயந்திரத்தின் முகம் இவ்வளவுதான். பட்டை கோட்டைத் தொடும் கணத்தில் அதற்குரிய விசையை அழுத்த வேண்டும். இதற்கு ஓராண்டு முன்பே மசாயா மட்சுராவின் ‘பராப்பா தி ராப்பர்’ பிளேஸ்டேஷனில் வெளியாகி, தாளத்தை வைத்தே ஒரு விளையாட்டை அமைக்கலாம் என்று காட்டியிருந்தது. ஆனால் அது வீட்டில் இருந்து கைப்பிடியில் ஆடுவது. நாணயம் போட்டு, முன்பின் தெரியாதவர்கள் பார்த்திருக்க நின்று ஆடும் வடிவத்தைப் பரவலாக்கியது பீட்மேனியாவே. இவ்வகை விளையாட்டுகளை ஜப்பானியர் ‘ஒட்டோகே’ என்று சுருக்கி அழைக்கிறார்கள்; ‘ஒட்டோ’ என்றால் ஒலி.

பீட்மேனியாவில் பாட்டு முழுமையான ஒரே பதிவாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒரு முரசடி, ஒரு பியானோ சுரம், பாடகரின் ஒரு சொல் என நூற்றுக்கணக்கான ஒலித்துணுக்குகளாக அது வெட்டப்படுகிறது. எந்தத் துணுக்கு எந்தக் கணத்தில் எந்த விசைக்கு உரியது என்பதை ஓர் அட்டவணை சொல்கிறது. ஆடுபவருக்குத் தரப்படாத துணுக்குகளை இயந்திரம் தானே பின்னணியில் ஒலிக்கவிடும்; மற்றவை விரல் பட்டால்தான் ஒலிக்கும். ஆகவே தவறு செய்தவர் மதிப்பெண் பலகையைப் பார்க்க வேண்டியதே இல்லை, சிதைந்த இசையே அவரிடம் சொல்லிவிடும். 1998இல் ரசிகர்கள் உருவாக்கிய ‘பிஎம்எஸ்’ என்ற கோப்பு வடிவமும் இதே அமைப்பைப் பின்பற்றியது. ஒவ்வோர் ஆவர்த்தமும் சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பங்கிலும் எந்தத் துணுக்கு ஒலிக்க வேண்டும் என்று ஈரெழுத்துக் குறியீட்டால் அதில் எழுதப்பட்டிருக்கும். அதைச் சாதாரண உரைக்கோப்பாகத் திறந்து வாசிக்கலாம் என்பதால், இசையமைக்கத் தெரிந்தவர்கள் தங்கள் பாடல்களை இந்த வடிவில் வெளியிடத் தொடங்கினார்கள்.

மேடையில் நின்று காலால் மிதித்து ஆடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ 1998இல் வந்தது; அது வேறு வழியில் சென்றது. அதில் பாட்டு ஒரே பதிவாக ஓடும். கால் தவறினாலும் இசை நிற்காது, மதிப்பெண் மட்டுமே குறையும். உடல் முழுவதும் அசையும் ஆட்டத்தில், காலின் ஒவ்வொரு தடுமாற்றமும் இசையை வெட்டிக்கொண்டிருந்தால் ஆடுபவரால் தாளத்தைப் பிடித்திருக்கவே முடியாது என்பதால் இது நியாயமான முடிவுதான். மேடையிலுள்ள நான்கு அம்புப் பலகைகளின் அடியில் விளிம்புகளை ஒட்டி அழுத்த உணரிகள் நான்கு நான்காக அமைக்கப்பட்டன. பாதம் பலகையின் எந்த ஓரத்தில் பட்டாலும் மிதி பதிவாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். நுட்பம் என்று பார்த்தால் விசைக்குள்ளேயே ஒலியை வைத்த பழைய முறைதான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. ஆனால் ஒவ்வொரு பாட்டையும் துண்டு துண்டாக வெட்டிக் கோப்பது பெரும் உழைப்பு. வெளியே பிரபலமான பாடல்களை உரிமம் பெற்றுச் சேர்க்கும்போது அது இன்னும் கடினம். 2008இல் வந்த ‘ஜுபீட்’ உட்படப் பிந்தைய பல விளையாட்டுகள் ஒரே பதிவாக ஓடும் பாட்டையே ஏற்றுக்கொண்டன.

எந்த வழியானாலும் இந்த இயந்திரங்கள் அளப்பது ஆடுபவரின் எதிர்வினை வேகத்தை அல்ல. கண்ணில் பட்ட ஒன்றுக்கு விரல் அசைய ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். பல விசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இன்னும் கூடுதலாகும். நிமிடத்திற்கு 150 துடிப்புகள் கொண்ட பாட்டில் ஒரு துடிப்பு 400 மில்லிநொடி, அதன் கால்பங்கு 100 மில்லிநொடி. கால்பங்குக்கு ஓர் அடியாக விழும் பட்டைகளைப் பார்த்துப் பார்த்து அழுத்துவது எவராலும் ஆகாத காரியம். தாளம் போடத் தெரிந்த எவரும் அறிந்ததே இங்கும் நடக்கிறது: ஒலியைக் கேட்டபின் கை இறங்குவதில்லை, ஒலி வரப்போகும் கணத்தை மூளை முன்கூட்டியே கணித்துக் கையை அனுப்புகிறது. சீராக ஒலிக்கும் ஒரு தட்டலுக்கு ஏற்பத் தட்டச் சொன்னால், பயிற்சி இல்லாதவர்கள் பெரும்பாலும் சில பத்து மில்லிநொடிகள் முந்திவிடுகிறார்கள் என்று உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் இந்த முந்தல் குறைவு.

மிகத் துல்லியமான அடிக்குப் பல விளையாட்டுகள் அனுமதிக்கும் எல்லை முன்னும் பின்னும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. நொடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் ஒரு படம் நிற்கும் நேரம் அது. திரையில் பட்டை இருக்கும் இடம், அது ஒலிக்க வேண்டிய நேரத்திற்கும் பாட்டின் இப்போதைய நேரத்திற்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டை இறங்கும் வேகத்தால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. வேகத்தை ஆடுபவரே மாற்றிக்கொள்ளலாம். புதியவர்கள் பட்டைகள் மெல்ல இறங்கினால் எளிது என்று நினைக்கிறார்கள். தேர்ந்தவர்களோ ஒரு பட்டை தோன்றிக் கோட்டை அடையும் நேரத்தை அரை நொடி அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். வேகம் கூடினால் பட்டைகளுக்கு இடையிலான தூரமும் கூடும். நெருக்கியடித்த குவியல் பிரிந்து, வாசிக்கத்தக்க வரிசையாகிறது. பாட்டின் வேகம் மாறுவதில்லை, அதை எழுதிய எழுத்து பெரிதாகிறது, அவ்வளவே.

இத்தனை நுண்மையான அளவில் கருவிகளின் தாமதமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பழைய குழாய்த் திரைகள் கிடைத்த சமிக்ஞையை உடனே வரைந்தன. தட்டைத் திரைகள் வந்தபோது படம் சற்றுத் தாமதித்துத் தோன்ற, கண்ணும் காதும் வேறுவேறு நேரங்களைச் சொல்லத் தொடங்கின. அதனால்தான் படத்தைச் சில மில்லிநொடிகள் முன்னோ பின்னோ நகர்த்தும் அமைப்பு பல விளையாட்டுகளில் சேர்க்கப்பட்டது. 1999இல் ஏழு விசைகளுடன் தொடங்கி இன்றும் தொடரும் ‘பீட்மேனியா டூ டிஎக்ஸ்’ தொடருக்கு, 2019இல் நொடிக்கு 120 படங்கள் காட்டும் திரையுடன் புதிய இயந்திரம் வந்தது. ஒரு படத்திற்கான நேரம் அதில் 8.3 மில்லிநொடியாகக் குறைந்தது.

கையைப் பதிவுசெய்யும் வழிகளும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறின. டூ டிஎக்ஸின் வட்டத்தட்டுக்கு அடியில் பல்வெட்டிய சக்கரம் ஒன்று ஒளி உணரிகளின் நடுவே சுழல்கிறது. ஒளி மறைந்து தெரியும் வரிசையிலிருந்து தட்டு எத்திசையில் திரும்பியது என்று கணினி அறிகிறது. 2001இல் நாம்கோ வெளியிட்ட ‘தைக்கோ நோ தாட்சுஜின்’ பெரிய முரசு ஒன்றை முன்னே நிறுத்தியது: சிவப்பு வட்டம் வந்தால் நடுத்தோலில் ‘டொன்’, நீலம் வந்தால் விளிம்பில் ‘க’. அடியின் அதிர்வை மின்சாரமாக்கும் உணரிகளைக் கொண்ட இத்தகைய முரசில் ஒரு தொல்லை உண்டு. விளிம்பில் விழுந்த பலத்த அடி நடுத்தோலையும் சற்றே அதிரச் செய்யும். எந்த அதிர்வு உண்மையான அடி, எது அதன் எதிரொலி என்று தீர்மானிக்க, வலிமையான சமிக்ஞையை மட்டும் ஏற்று, அடுத்த சில மில்லிநொடிகளுக்கு மற்றவற்றைப் புறக்கணிக்க வேண்டும். அந்த இடைவெளியை நீட்டினால் விரைந்து விழும் அடுத்த அடி தொலைந்துபோகும். குறைத்தால் அடிக்காத அடியும் எண்ணிக்கையில் சேரும்.