சீனப் பேரரசரின் கல்லறையை ஏன் இன்னும் திறக்கவில்லை?

சீனாவின் ஷிஆன் நகருக்குக் கிழக்கே, லிஷான் மலையடிவாரத்தில் மரங்கள் அடர்ந்த பெரிய மண்மேடு ஒன்று இருக்கிறது. கி.மு. 221-இல் சீனாவை ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங்கின் கல்லறை அது. 1974-இல் கிணறு தோண்டிய உழவர்கள் கண்டெடுத்த சுடுமண் படைவீரர்களை உலகமே அறியும். ஆனால் அவர்கள் நிற்கும் குழிகள் இந்த மேட்டிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. பேரரசர் கிடக்கும் நடுவறையைத் தொல்லியலாளர்கள் இன்னும் தொடவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது? பேரரசர் கி.மு. 210-இல் இறந்தார். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பிறகு வரலாற்றாசிரியர் சிமா சியென் கல்லறையின் உட்புறத்தை விவரித்தார். மேலே வானம், கீழே நிலப்பரப்பு, திருட வருபவர்மீது தானே அம்பெய்யும் வில்கள், பாதரசத்தால் ஆன ஆறுகளும் கடலும்! கட்டுக்கதை என்றே தோன்றும். ஆனால் பாதரசத்துக்கு ஒரு குணம் உண்டு. அறை வெப்பநிலையிலேயே அது சிறிது சிறிதாக ஆவியாகும். எவ்வளவு ஆழத்தில் புதைத்தாலும் மண்ணின் வெடிப்புகள் வழியே அந்த ஆவி மேலே வர வாய்ப்புண்டு.

1980-களின் தொடக்கத்தில் மேட்டின் மண்ணை ஆராய்ந்தபோது, சுற்றுப்புறத்தைவிடப் பல மடங்கு பாதரசம் தென்பட்டது. 2016-இல் சீன, ஸ்வீடன் ஆய்வாளர்கள் மண்ணைத் தொடாமலே காற்றை அளந்தார்கள். பாதரச அணுக்கள் சுமார் 254 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். எனவே அந்த அலைநீளத்தில் ஒரு லேசர் துடிப்பையும், அதிலிருந்து மிகச் சிறிதே விலகிய இன்னொன்றையும் மேட்டின் மேலே செலுத்தினார்கள். காற்றிலிருந்து சிதறித் திரும்பும் ஒளியில் முதலாவது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே பாதரசத்தின் அளவு. வழக்கமாகக் கன மீட்டருக்கு 5 முதல் 10 நானோகிராம் இருக்கும் இடத்தில், சில பகுதிகளில் 27 நானோகிராம் வரை பதிவானது. ஆறுகள் இருந்தன என்பதற்கு இது முழுச் சான்று ஆகாது. ஆனாலும் சிமா சியென் எழுதியதை இனி எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பாதரசம் நஞ்சு என்பதால்தான் திறக்கவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம் சுடுமண் வீரர்களின் உடம்பிலேயே இருக்கிறது. இன்று மண்நிறத்தில் நிற்கும் அவர்கள் ஒரு காலத்தில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக ஒளிர்ந்தவர்கள். அந்த ஊதா, பேரியம், செம்பு, சிலிக்கா ஆகியவற்றை உயர் வெப்பத்தில் சேர்த்துச் செயற்கையாக ஆக்கப்பட்ட நிறமி! இந்த வண்ணங்களுக்கு அடியில், ஒருவகை மரத்தின் பாலால் ஆன மெருகுப் பூச்சு உண்டு. ஈரமண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகள் கிடந்த அந்தப் பூச்சு நீரில் ஊறிப்போயிருக்கிறது. வெளிக்காற்று பட்டதும் ஈரம் வெளியேறிப் பூச்சு சுருங்குகிறது. அடியில் உள்ள சுடுமண் சுருங்குவதில்லை. வற்றிய ஏரியின் வண்டல் வெடித்துச் சுருள்வதுபோல, மேலிருக்கும் வண்ணத்தோடு சேர்ந்து சில நிமிடங்களில் அது உரிந்து விழுந்துவிடுகிறது. முதலில் தோண்டி எடுத்த சிலைகளில் வண்ணம் பெரும்பாலும் போனது இப்படித்தான்.

இப்போது சிலை வெளிப்பட்டவுடன் ஈரத்தைக் காத்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற கரைசலைப் பூசுகிறார்கள். ஆவியாகும் நீரின் இடத்தை அது பிடித்துக்கொள்வதால் பூச்சு சுருங்குவதில்லை. ஒரு சிலைக்கே இவ்வளவு பாடு. உள்ளே பட்டும் மரமும், மூங்கில் பட்டைகளில் எழுதிய ஆவணங்களும் இருந்தால் என்ன ஆகும்?

அந்த அச்சம் வீணானது அல்ல. 1956-இல் பெய்ஜிங் அருகே மிங் பேரரசர் வான்லியின் திங்லிங் கல்லறையை அகழத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த அருமையான பட்டுத்துணிகள் காக்கும் வழி தெரியாமல் கெட்டுப்போயின. அதன்பின் பேரரசர் கல்லறைகளைத் தாமாக முன்வந்து தோண்டுவதில்லை என்று சீனத் தொல்லியலாளர்கள் ஒதுங்கினார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். மண்ணுக்கு அடியில் இருப்பது எத்தனை ஆண்டும் காத்திருக்கும். தவறாகத் திறந்ததை மறுபடி மூட முடியாது.