கடல் சூடானால் பேய்க்கணவாயின் முட்டைக்கு என்ன ஆகும்?

காசிமேட்டில் ஏலம் ஓயும் நேரத்துக்குப் போனால், கடம்பாக் கூடைகளுக்குப் பக்கத்தில் எட்டுக் கால்களும் பின்னிக்கொண்டு வழவழவென்று கிடக்கும் ஓர் உருப்படியைப் பார்க்கலாம். பேய்க்கணவாய். பாடப்புத்தகத்தில் ஆக்டோபஸ். வடசென்னை வீட்டுக் குழம்பில் இது விழுவது அபூர்வம், பெரும்பாலும் ஏற்றுமதிக்கு வாங்கிப் போய்விடுகிறார்கள். நம் தட்டுக்கு வராததாலோ என்னவோ, இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கடல் சூடாவதைப் பற்றிய பேச்சில் பவளப்பாறையும் மத்தியும் அடிபடும் அளவுக்கு இது அடிபடுவதில்லை. ஆனால் மரபணு அளவில் பார்த்தால் இதன் கதைதான் விசித்திரமானது. குளிரைச் சமாளிக்க இதனிடம் அபாரமான ஒரு வித்தை இருக்கிறது. சூட்டை, அதிலும் அடைகாக்கும் காலத்துச் சூட்டை, சமாளிக்க அந்த வித்தை உதவுவதாகத் தெரியவில்லை.

முதலில் அந்த வித்தை. உயிரணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ மூலப்பிரதி. அதிலிருந்து ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படுகிறது, அந்த நகலைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது. நம் உடலில் நகல் ஏறக்குறைய மூலத்தில் இருப்பதையே சொல்லும். பேய்க்கணவாயோ நகலில் கை வைக்கிறது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த பிறகு முகூர்த்த நேரம் மாறிவிட்டால் அச்சகத்துக்கு ஓடாமல் ஒவ்வொன்றிலும் பேனாவால் அடித்துத் திருத்துவோமே, அந்த வேலைதான். அடார் என்ற நொதி, ஆர்என்ஏவில் உள்ள அடினோசின் எழுத்தை இனோசினாக மாற்றும். புரதம் செய்யும் இயந்திரம் அதைக் குவானோசின் என்று படித்துவிடும். விளைவு, டிஎன்ஏவில் எழுதப்படாத ஒரு புரதம்.

2012இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோஷுவா ரோசந்தாலும் சாண்ட்ரா காரெட்டும் அண்டார்டிகாவின் உறைகுளிர் நீரில் வாழும் பேய்க்கணவாயையும் வெப்பமண்டல இனம் ஒன்றையும் ஒப்பிட்டார்கள். நரம்பில் பொட்டாசியம் போய்வரும் வாயிலுக்கான மரபணு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் நகலில் இருந்தது. குளிர்நாட்டு இனம் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் திருத்திவிடுகிறது. அதனால் அந்த வாயில் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் மூடுகிறது. குளிரில் மந்தமாகிப் போகும் நரம்புக்கு அந்த வேகம் தேவை.

இது தலைமுறை தலைமுறையாக வந்த தகவமைப்பா, ஒரே பிராணி தன் வாழ்நாளிலேயே செய்துகொள்வதா? 2023இல் விடை வந்தது. கலிபோர்னியாவின் இருபுள்ளிப் பேய்க்கணவாய்களைச் சிலவற்றை 13 டிகிரி நீரிலும் சிலவற்றை 22 டிகிரி நீரிலும் வளர்த்துப் பார்த்தார்கள். திருத்தம் நடக்கக்கூடிய 60,000க்கும் மேற்பட்ட இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20,000க்கும் மேல், வெப்பநிலைக்குத் தக்கபடி மாறியது. நீரின் சூட்டை மெல்ல மாற்றியபோது ஒரு நாளைக்குள்ளேயே திருத்தத்தின் அளவும் நகரத் தொடங்கியது, நாலு நாளில் புது நிலைக்கு வந்துவிட்டது. பிராணி உலகத்தில் இதற்கு ஈடான சாமர்த்தியம் சொற்பம்.

ஆனால் அந்த 20,000 இடங்களில் ஏறக்குறைய எல்லாமே குளிரில்தான் அதிகமாகத் திருத்தப்படுகின்றன. நீர் சூடானால் திருத்தம் குறைகிறது. அடார் நொதிக்கு இரட்டை இழையாக மடிந்த ஆர்என்ஏ வேண்டும். சூட்டில் அந்த மடிப்பு தளரும் என்பது இதற்கு ஒரு காரணம். தவிர, மாறுகிற புரதங்களில் பெரும்பாலானவை நரம்பு சார்ந்தவை. இதில் ஒரு விலையும் உண்டு. நகலைத் திருத்த வேண்டுமென்றால் திருத்தும் இடத்தைச் சுற்றியுள்ள எழுத்துகள் அந்த மடிப்புக்கு ஏற்றபடி அப்படியே இருந்தாக வேண்டும், இல்லையேல் நொதிக்குப் பிடி கிடைக்காது. அதனால் அந்தப் பகுதிகளில் டிஎன்ஏ மாற்றங்கள் தங்குவது மிகக் குறைவு என்று 2017இல் ரோசந்தாலும் டெல் அவீவைச் சேர்ந்த எலி ஐசன்பர்க்கும் இடம்பெற்ற குழு காட்டியது. இன்றைக்கு வளைந்துகொடுக்க, நாளைய பரிணாம வேகத்தை அடகு வைத்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி முட்டைக்கு வருவோம். பெண் பேய்க்கணவாய், ஓரிரு இனங்கள் தவிர, வாழ்வில் ஒரே ஒரு முறைதான் முட்டையிடும். பாறை இடுக்கிலோ காலிச் சிப்பியிலோ கூரையில் சரம்சரமாக ஒட்டிவிட்டு, அவற்றின் மேல் இடைவிடாமல் நீரைப் பீய்ச்சி, பாசி படியாமல் துடைத்துக்கொண்டு காவல் இருக்கும். பெரும்பாலான இனங்களில் அதற்குப் பிறகு தாய் சாப்பிடாது. தன் தசையையே கரைத்துக் காலம் தள்ளும், குஞ்சு பொரிக்கும் சமயத்தில் இறந்துபோகும்.

தாய்ப்பாசம் என்று உருகுவதற்கு முன்னால், இதை நடத்துவது இரு கண்களுக்குப் பின்னால் இருக்கும் பார்வைச் சுரப்பி என்ற சின்ன உறுப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி அடைகாக்கும் தாய்களிடமிருந்து அந்தச் சுரப்பிகளை அறுத்து எடுத்தார். அவை முட்டையை விட்டுவிட்டு இரைதேடப் போயின, கூடுதல் காலம் உயிரும் வாழ்ந்தன. அந்தச் சுரப்பியில் எந்தெந்த மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யான் வாங்கும் கிளிஃப்டன் ராக்ஸ்டேலும் 2018இல் வரிசைப்படுத்தினார்கள். இணைசேரும் முன் நரம்புப் புரதத்துணுக்குகளுக்கான மரபணுக்கள் ஓங்கியிருக்கின்றன. அடைகாக்கத் தொடங்கியதும் அவை தணிந்து, ஸ்டீராய்டு தயாரிக்கும் மரபணுக்கள் தலைதூக்குகின்றன. 2022இல் அந்த வேதிப்பொருள்களையே அளந்தார்கள். கொலஸ்ட்ராலுக்கு முந்தைய கட்டமான 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் ஏறியிருந்தது. மனிதக் குழந்தைகளில் இது மிகையாகும் மரபுநோய் ஒன்றில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் போக்கு காணப்படுகிறது. தொட்டியில் அடைகாக்கும் பேய்க்கணவாய்களும் கடைசி நாட்களில் தம் கால் நுனியைத் தாமே கடித்துக்கொள்வதுண்டு.

ஆக, அடைகாத்தல் ஒரு பந்தயம். தாயின் இருப்பு தீர்வதற்குள் கரு வளர்ந்து முடிய வேண்டும். நீர் சூடானால் இரண்டு பக்கமும் வேகமெடுக்கும். ஓர் எல்லைவரை அது முட்டைக்கு லாபம்தான். கலிபோர்னியாவுக்கு அப்பால் 3,200 மீட்டர் ஆழத்தில், சுற்றிலும் 1.6 டிகிரிக் கடும் குளிரில், வெதுவெதுப்பான ஊற்றுகளைத் தேடி ஆயிரக்கணக்கான பேய்க்கணவாய்கள் முட்டையிடும் இடம் ஒன்று உண்டு. அங்கே கூட்டில் சுமார் 5 டிகிரி. அந்தச் சிறு வெதுவெதுப்பால் இரண்டே ஆண்டுக்குள் குஞ்சு வெளிவருகிறது. அது இல்லாவிட்டால் பல ஆண்டுகள் இழுக்கும்.

எல்லையைத் தாண்டினால் கணக்கு புரளும். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையத்தின் வெந்நீர் வந்து சேரும் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். நீந்துகிற மீன் சூடு பிடிக்காவிட்டால் விலகிப் போகும். முட்டைச் சரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாய் போகாது, ஒட்டிய முட்டையாலும் போக முடியாது. சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு, கருவுக்கோ தேவை அதிகம். தாய் இன்னும் வேகமாக நீர் பீய்ச்ச வேண்டும், அதுவும் வெறும் வயிற்றில்.

உள்ளே கருவின் உயிரணுக்களில் வேறொரு போராட்டம். சூட்டில் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அதை உணர்ந்ததும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். குலைந்த புரதத்தைப் பிடித்து மறுபடி மடிப்பது இவற்றின் வேலை. ஆனால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஆற்றல் செலவு, அது மஞ்சள்கருவிலிருந்து போகிறது. உடல் கட்டவேண்டியது பழுதுபார்க்கப் போய்விடுகிறது. ஐரோப்பியக் கடலின் சாதாரணப் பேய்க்கணவாயில் நீரின் சூட்டைக் கூட்டியபோது குறைப்பிரசவக் குஞ்சுகள் கூடின.

அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் சோதனை இன்னும் துல்லியம். தென் ஆஸ்திரேலியாவின் ஆக்டோபஸ் பெரிமா இனத்தின் தாயையும் முட்டையையும் 19, 22, 25 டிகிரிகளில் வைத்தார்கள். 25 என்பது நூற்றாண்டு இறுதிக் கோடைக்கான கணிப்பு. அந்தச் சூட்டில் மூன்று தாய்களில் இரண்டு, கரு இளம்பருவத்தில் இருக்கும்போதே இறந்தன, அந்த முட்டைகள் எதுவும் பொரிக்கவில்லை. மூன்றாவதன் முட்டைகளில் பாதிக்கும் குறைவே பொரித்தன. பிழைத்தவற்றின் கண்ணில் விழிலென்சின் கட்டுமானப் புரதமும் பார்வை நிறமியைப் புதுப்பிக்கும் புரதங்களும் குறைந்திருந்தன. மூளையில் பெரும்பங்கைப் பார்வைக்கே செலவிடும் பிராணிக்கு இது சாதாரணக் குறை அல்ல.

ஒன்றில் மட்டும் இதற்கு நிம்மதி. நம் கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. மணல் சூடேறினால் பெண்ணாகவே பிறக்கும். இருபுள்ளிப் பேய்க்கணவாயில் அதற்குக் குரோமோசோம் இருக்கிறது என்று ஓரிகன் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்தார்கள். ஆணுக்கு இசட் என்ற குரோமோசோம் இரண்டு, பெண்ணுக்கு ஒன்று.

வெப்பமண்டலத்துக்காரர்களான நமக்கு இதில் அதிகம் பொருந்துவது மெக்சிகோவின் யுகடான் கரையில் வாழும் ஆக்டோபஸ் மாயா. அங்கே 27 டிகிரியைத் தாண்டினால் கருவளர்ச்சி தடுமாறுகிறது, 31இல் வைத்த பெண்களில் முட்டையிட்டவையே சில. ஆண்களும் தப்பவில்லை, சூட்டில் விந்தகத் திசு சேதமடைகிறது. வெப்பமண்டல இனம் என்றால் சூடு பழகியிருக்கும் என்று நினைப்போம். உண்மையில் அது தன் உச்சவரம்புக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. வங்காள விரிகுடாவின் மேல்நீர் ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரிக்கு மேல்தான் இருக்கிறது. இனத்துக்கு இனம் வரம்பு வேறுபடும் என்பதால் மாயாவின் 27ஐ அப்படியே காசிமேட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

சூட்டின் அடி ஓர் இனத்தின் மேல் எவ்வளவு விழும் என்பது குஞ்சு எப்படிப் பிறக்கிறது என்பதையும் பொறுத்தது. சில இனங்கள் லட்சக்கணக்கில் பொடி முட்டையிடும். குஞ்சுகள் மிதவையாக நீரோட்டத்தோடு போய், குளிர்ந்த இடம் வாய்த்தால் அங்கே இறங்கிக்கொள்ளும். மாயாவும் பெரிமாவும் குறைந்த எண்ணிக்கையில் பெரிய முட்டைகள் இடுபவை. அவற்றின் குஞ்சு பிறந்ததுமே தரையில் ஊர்ந்து, தாய் இருந்த அதே இடத்தைச் சுற்றித்தான் வாழும். ஓரிரு ஆண்டே ஆயுள் என்பதால், அடைகாக்கும் பருவத்தில் ஒரு வெப்ப அலை வந்து போனால் இரண்டாவது வகையில் அந்த ஆண்டின் தலைமுறையே கைவிட்டுப் போகக்கூடும்.